அத்தியாயம் 6: டிஜிட்டல் கண்ட்ரோலரைச் செட் செய்தல்

கடையில் வாங்கிய மின் புகைப்பெட்டியானாலும், ஸ்லோ குக்கரானாலும், ஹாட் பிளேட்டை வைத்து நீங்களே கட்டிய தகரப் பெட்டியானாலும், உள்ளே இருக்கிற எலிமென்டுக்கு இரண்டே நிலைதான் தெரியும். மின்சாரம் வந்தால் முழுச் சூடு, நின்றால் ஒன்றுமில்லை. அதைப் பிடித்து 110 டிகிரியில் ஆறு மணி நேரம் நிறுத்தி வைப்பது கண்ட்ரோலரின் வேலை. ஆனால் கண்ட்ரோலருக்கும் சொந்தக் கண் கிடையாது. சென்சார் சொல்வதை அது அப்படியே நம்பும். சென்சார் 10 டிகிரி தப்பாகச் சொன்னால், அந்தத் தப்பையே இரவு முழுக்கத் துளி பிசகாமல் காத்து நிற்கும்.

அதனால் இந்த அத்தியாயம் பொத்தானில் தொடங்கவில்லை. முதலில் வயரிங், பிறகு சென்சார், கடைசியில்தான் எண்கள். இந்த வரிசையை மாற்றாதீர்கள். கண்ட்ரோலர் சரியில்லை என்று தூக்கிப் போடுகிறவர்களில் பெரும்பாலோர் முதல் இரண்டையும் தாண்டி நேரே மூன்றாவதற்குப் போனவர்கள்.

எதை வாங்குவது

சந்தையில் இரண்டு வகை கிடைக்கின்றன. முதலாவது ஆன்-ஆஃப் வகை. எஸ்.டி.சி.-1000 என்ற சின்னக் கறுப்புப் பெட்டியை மீன்தொட்டிக்காரர்களும் ஃபிரிட்ஜ் மெக்கானிக்குகளும் நன்றாக அறிவார்கள். நீங்கள் வைத்த அளவு வந்ததும் அது மின்சாரத்தை நிறுத்தும். சில டிகிரி இறங்கியதும் மறுபடி கொடுக்கும். எத்தனை டிகிரி இறங்கியதும் கொடுக்க வேண்டும் என்பதை எஃப்2 என்ற இடத்தில் வைக்கலாம். இதன் வரம்பு 99 டிகிரியோடு முடிகிறது. ஸ்லோ குக்கரில் தண்ணீர்ச் சூட்டைக் காக்க இது போதும். 110 டிகிரியில் புகையூட்ட இது உதவாது.

இரண்டாவது பி.ஐ.டி. வகை. புகைப்பெட்டிக்கு இதைத்தான் வாங்க வேண்டும். ஆன்-ஆஃப் வகை 110-ல் மின்சாரத்தை நிறுத்தினாலும் எலிமென்ட் உடனே ஆறாது. அதில் தேங்கிய சூடு பெட்டியை மேலும் ஏற்றும். பிறகு இறங்கும்போதும் அதே தாமதம். பி.ஐ.டி. வகை இலக்கை நெருங்கும்போதே மின்சாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டு வரும்.

இந்த வகையில் எங்கும் கிடைப்பது ரெக்ஸ் சி100. ஜப்பானின் ஆர்.கே.சி. நிறுவனத்தின் வடிவமைப்பு இது. மலிவு விலையில் ஆன்லைனில் வருபவை அதன் நகல்கள். நகல் என்பதற்காக ஒதுக்க வேண்டியதில்லை, வேலை செய்யும். ஆனால் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் மாடல் எண்ணைக் கட்டாயம் படியுங்கள். எண்ணின் பின்பாதியில் ‘எம்’ என்ற எழுத்து இருந்தால் உள்ளேயே ரிலே இருக்கிறது. ‘வி’ இருந்தால் அது எஸ்.எஸ்.ஆர். எனப்படும் சாலிட் ஸ்டேட் ரிலேயை இயக்கும் சிறிய மின்னழுத்தத்தை வெளியே தருகிறது. எஸ்.எஸ்.ஆர். சேர்ந்த பொட்டலமாக வாங்கும்போதுகூட உள்ளே ‘எம்’ வகைக் கண்ட்ரோலரை வைத்து அனுப்பிவிடுகிறார்கள். அந்த ஜோடி எப்படி இணைத்தாலும் சூடாகாது. வாங்கியதும் முதல் வேலையாக இதைப் பாருங்கள்.

என் தீர்ப்பு ‘வி’ வகைக்கே. காரணம் கணக்கில் இருக்கிறது. உள்ளே இருக்கும் ரிலே 20 வினாடிக்கு ஒரு முறை திறந்து மூடினால் மணிக்கு 180 முறை. முழு லோடில் ஒரு லட்சம் முறை தாங்கும் என்பது இத்தகைய சின்ன ரிலேக்களுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் ஆயுள். 550 மணி நேரத்தில் அது தீர்ந்துபோகும். எஸ்.எஸ்.ஆருக்குத் தேயும் பாகமே இல்லை.

வயரிங்

எலிமென்டின் வாட்டை 230-ஆல் வகுத்தால் ஆம்பியர் கிடைக்கும். 1500 வாட் என்றால் ஆறரை ஆம்பியர். 6 ஆம்பியர் சாக்கெட் இதற்கு ஆகாது. கெய்சருக்குப் போடும் 16 ஆம்பியர் சாக்கெட்டிலிருந்து தனி லைன் எடுங்கள். எர்த் கம்பி பெட்டியின் தகரத்தில் திருகாணி போட்டு இறுக்கப்பட வேண்டும். மின்கசிவு ஏற்பட்டதும் லைனைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இல்லாத வீட்டில் ஈரக் கையும் தகரப் பெட்டியும் சேரும் இந்த வேலையைத் தொடங்கவே வேண்டாம். எலெக்ட்ரீஷியன் ஒருவரை வைத்துச் செய்வது உத்தமம்.

எஸ்.எஸ்.ஆரின் மேல் 40 ஆம்பியர் என்று அச்சிட்டிருக்கும். அதில் பாதிக்கும் கீழேதான் ஓட்ட வேண்டும். ஓடும் ஒவ்வொரு ஆம்பியருக்கும் அது ஒரு வாட்டுக்குச் சற்று மேல் சூடாகும். ஆகவே அலுமினிய ஹீட் சிங்கில், இடையே தெர்மல் பேஸ்ட் தடவி இறுக்குங்கள். காற்றோட்டமில்லாத பிளாஸ்டிக் டப்பாவுக்குள் அடைக்காதீர்கள். கண்ட்ரோலரிலிருந்து வரும் கம்பிகளுக்குப் பிளஸ், மைனஸ் உண்டு. மாறினால் எதுவும் கெடாது, ஆனால் எலிமென்ட் சூடாகாது. இன்னொன்று, எஸ்.எஸ்.ஆர். அணைந்திருக்கும்போதும் அதன் வழியே சிறிது மின்சாரம் கசியும். பிளக்கைப் பிடுங்காமல் எலிமென்ட் முனையைத் தொடக் கூடாது.

எஸ்.எஸ்.ஆருக்கு ஒரு கெட்ட குணம் இருக்கிறது. அது பழுதானால் பெரும்பாலும் மூடிய நிலையிலேயே ஒட்டிக்கொள்ளும். அதாவது எலிமென்டுக்கு மின்சாரம் நிற்காமல் போய்க்கொண்டே இருக்கும். கண்ட்ரோலர் திரையில் சூடு ஏறுவது தெரியும். தடுக்க அதனால் முடியாது. கொழுப்பு சொட்டும் பெட்டியில் இது தீ விபத்து. ஆகவே கண்ட்ரோலரோடு எந்தத் தொடர்பும் இல்லாத தனிக் காவல் ஒன்று வேண்டும். கே.எஸ்.டி.301 என்ற நாணய அளவிலான பைமெட்டல் சுவிட்ச் எலெக்ட்ரானிக்ஸ் கடைகளில் மலிவாகக் கிடைக்கிறது. உங்கள் அதிகபட்ச வேலைச் சூட்டுக்கு 30 டிகிரி மேலே அறுபடும் வகையாக, கையால் அழுத்தினால்தான் மறுபடி இணையும் வகையாகக் கேட்டு வாங்கி, எலிமென்டுக்குப் போகும் ஃபேஸ் கம்பியில் தொடராக இணையுங்கள். அதன் ஆம்பியர் அளவும் உங்கள் லோடுக்கு மேல் இருக்க வேண்டும். இது இல்லாத பெட்டியை இரவில் ஓடவிட்டுத் தூங்கப் போகாதீர்கள்.

நீங்கள் இணைக்கும் அடுப்பில் ஏற்கெனவே டிஜிட்டல் பொத்தான்கள் இருந்தால் வேறு சிக்கல். கண்ட்ரோலர் மின்சாரத்தை ஒரு முறை நிறுத்தித் திருப்பிக் கொடுத்ததும் அந்த அடுப்பு அணைந்த நிலையில் நின்றுவிடும். கையால் திருகும் குமிழ் உள்ள அடுப்பு, தட்டி விடும் சுவிட்ச் உள்ள பழைய ரைஸ் குக்கர், இவைதான் தோது. குமிழை முழு அளவில் வைத்துவிடுங்கள்.

சென்சார்

மூன்று வகைச் சென்சார்கள் புழங்குகின்றன. பார்வைக்கு மூன்றும் ஒரே மாதிரி எஃகுக் குச்சிகள். மல்டிமீட்டரை ஓமில் வைத்துத் தொட்டால் தெரிந்துவிடும். 30 டிகிரி அறையில் பி.டி.100 ஏறத்தாழ 112 ஓம் காட்டும். கே வகைத் தெர்மோகப்பிள் சில ஓம்களே காட்டும். எஸ்.டி.சி.-1000-உடன் வரும் என்.டி.சி. 8,000 ஓம் வாக்கில் காட்டும். ஒன்றின் இடத்தில் இன்னொன்றை மாட்டினால் அபத்தமான எண் வரும், அல்லது ரெக்ஸ் திரையில் வரிசையாக வட்டங்கள் ஓடும். வட்டங்கள் என்றால் சென்சார் அறுந்திருக்கிறது, அல்லது அளவு எல்லை தாண்டிவிட்டது.

தெர்மோகப்பிளில் இரண்டு முனையும் மாறினால், சூடு ஏற ஏறத் திரையில் எண் இறங்கும். கண்ட்ரோலர் இன்னும் குளிராகிறது என்று எண்ணி முழு மின்சாரத்தையும் கொட்டும். முதல் முறை இணைத்ததும் குச்சியை உள்ளங்கையில் பிடித்துப் பாருங்கள். எண் ஏற வேண்டும். அந்தக் கம்பி நீளம் போதவில்லை என்று சாதாரணச் செம்புக் கம்பியை ஒட்டுப் போடாதீர்கள். கே வகைக்கென்று விற்கும் நீட்டிப்புக் கம்பியையே போட வேண்டும். புதிதாக வாங்குகிறவர்களுக்கு நான் சொல்வது மூன்று கம்பி பி.டி.100. நம் வேலையின் சூட்டு வரம்பில் அதுதான் நிலையானது, கம்பியின் தடையையும் அதுவே கழித்துக்கொள்ளும். வாங்கும் கண்ட்ரோலர் அந்த வகையை ஏற்கிறதா என்று மாடல் எண்ணில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

எங்கே மாட்டுவது? இறைச்சி வைக்கும் கம்பித் தட்டின் மட்டத்தில், இறைச்சியிலிருந்து நான்கு விரல் தள்ளி. எலிமென்டுக்கு நேர் மேலே மாட்டினால் அனல் நேரே அடித்துக் கூடுதலாகக் காட்டும், உணவு வேகாது. குளிர்ந்த இறைச்சியை ஒட்டி மாட்டினால் குறைத்துக் காட்டும், பெட்டி கொதிக்கும். தகரச் சுவரைத் தொட்டாலும் தப்பு. எந்த எண்ணை மாற்றுவதற்கு முன்னாலும் சென்சார் இருக்கும் இடத்தை ஒரு முறை மாற்றிப் பாருங்கள்.

அடுத்தது சரிபார்ப்பு. உடைத்த ஐஸைத் தம்ளர் நிறையப் போட்டு, இடைவெளி நிரம்பும் அளவு தண்ணீர் விட்டுக் கலக்கினால் அது 0 டிகிரி. கொதிக்கும் தண்ணீர் கடலோர ஊர்களில் 100 டிகிரி. உயரம் ஏற ஏற ஒவ்வொரு 300 மீட்டருக்கும் ஏறத்தாழ ஒரு டிகிரி குறையும். ஊட்டியில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஊட்டிக்காரர் 100 வரவில்லையே என்று கண்ட்ரோலரைத் திருத்தினால் ஏழு டிகிரி தப்பைத் தன் கையாலேயே உள்ளே வைக்கிறார். நம் வேலை 60-க்கும் 120-க்கும் இடையில் நடப்பதால் ஐஸைவிடக் கொதிநிலையில் வரும் வித்தியாசத்துக்கே முக்கியத்துவம் கொடுங்கள். 100 இருக்க வேண்டிய இடத்தில் 102 காட்டினால், திருத்தம் மைனஸ் 2.

இனி எண்கள்

ரெக்ஸ் சி100-ல் மேலே தெரிவது பெட்டியின் இப்போதைய சூடு, கீழே நீங்கள் கேட்ட சூடு. செட் பொத்தானை ஒரு முறை தட்டினால் கீழ் எண்ணை மாற்றலாம். சில வினாடி அழுத்திப் பிடித்தால் உள் பட்டியல் திறக்கும். ஏஎல்1, ஏடியு, பி, ஐ, டி, ஏஆர், அதற்கடுத்துச் சுழற்சி நேரம், பிறகு திருத்தம், கடைசியில் எல்சிகே என்ற பூட்டு. நகலுக்கு நகல் ஓரிரண்டு கூடும், குறையும். திருத்தத்தைச் சிலவற்றில் எஸ்சி என்றும் அசலில் பிபி என்றும் காட்டும். சற்று முன் கண்ட மைனஸ் 2 அங்கேதான் போகிறது.

முதலில் தொட வேண்டியது சுழற்சி நேரம், அதாவது கண்ட்ரோலர் எத்தனை வினாடிக்கு ஒரு முறை மின்சாரத்தைக் கொடுத்து நிறுத்துகிறது என்பது. எஸ்.எஸ்.ஆர். என்றால் 2 வினாடி; ரிலே என்றால் 20. எஸ்.எஸ்.ஆரை 20-ல் விட்டால் பெரிய நஷ்டமில்லை. ரிலேயை 2-ல் வைத்தால் அது சில நாள்களில் தேய்ந்துவிடும்.

பி என்பது, இலக்குக்கு எத்தனை டிகிரி கீழே இருக்கும்போது கண்ட்ரோலர் மின்சாரத்தைக் குறைக்கத் தொடங்க வேண்டும் என்பது. வாங்கும்போது அது 30 ஆக இருக்கும். இலக்கு 110 என்றால் 80 வரை முழு மின்சாரம். 95-ல் பாதி அளவு. மேலே போகப் போக இன்னும் குறையும். பி பெரிதானால் நிதானம், சிறிதானால் வேகமும் தாவலும். வேறு சில கம்பெனிக் கண்ட்ரோலர்களில் இது தலைகீழ். எண் பெரிதானால் வேகம் கூடும். கையேட்டில் பாருங்கள்.

பி மட்டும் இருந்தால் சூடு இலக்குக்குக் கொஞ்சம் கீழேயே தேங்கி நின்றுவிடும். எத்தனை நேரமாகத் தேங்கியிருக்கிறது என்று பார்த்து மிச்சத்தை ஈடுகட்டுவது ஐ. அது வினாடிக் கணக்கு, தொடக்கத்தில் 240. எண் பெரிதானால் அதன் வேகம் குறைவு. டி என்பது ஏறும் வேகத்தைப் பார்த்து முன்கூட்டியே தடுப்பது, தொடக்கத்தில் 60. ஏஆர் 100-ல் இருக்கட்டும்.

பி, ஐ, டி மூன்றையும் நீங்கள் ஊகித்து வைக்க வேண்டியதில்லை. 1942-ல் சீக்லர், நிக்கல்ஸ் என்ற இரண்டு அமெரிக்கப் பொறியாளர்கள், ஒரு அமைப்பை வேண்டுமென்றே ஊசலாட விட்டு, அந்த ஊசலின் நேரத்தைக் கொண்டு இந்த எண்களைக் கணக்கிடும் முறையை வெளியிட்டார்கள். ஏடியு-வை 1 ஆக்கினால் கண்ட்ரோலர் அந்த வழியில்தான் போகிறது. பெட்டியைச் சில முறை இலக்குக்கு மேலும் கீழும் ஏற்றி இறக்கி, தனக்கான எண்களைத் தானே எழுதிக்கொள்கிறது.

இதைச் செய்யும் நிலைமைதான் முக்கியம். உணவை உள்ளே வைக்காதீர்கள், ஊசலில் கெட்டுவிடும். ஆனால் காலிப் பெட்டியிலும் செய்யாதீர்கள். வழக்கமாக வைக்கும் தண்ணீர்த் தட்டு, கம்பித் தட்டுகள் எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கட்டும். வழக்கமாகச் சமைக்கும் சூட்டையே இலக்காக வைத்து, கதவை மூடி, முடியும்வரை திறக்காமல் விடுங்கள். நல்ல கனமான பெட்டியில் ஒரு மணி நேரத்துக்கு மேலும் ஆகும். ஸ்லோ குக்கர் தண்ணீருக்கும் புகைப்பெட்டிக்கும் ஒரே எண்கள் பொருந்தாது. இரண்டுக்கும் ஒரே கண்ட்ரோலரை வைத்திருந்தால், ஒவ்வொன்றுக்கும் வந்த மூன்று எண்களையும் பெட்டியின் பக்கத்தில் பெயின்ட் மார்க்கரால் எழுதி வையுங்கள். தண்ணீர் ஒரு முறை கூடச் சூடாகிவிட்டால் தானே ஆறப் பல மணி நேரம் ஆகும் என்பதால் அங்கே நிதானமான எண்களே நல்லவை.

பிறகும் இலக்கைத் தாண்டிப் பாய்ந்தால் பி-யையும் ஐ-யையும் பெரிதாக்குங்கள், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும். நீண்ட அலையாக ஏறி இறங்கினால் ஐ மிகச் சிறியதாக இருக்கிறது. ஏறவே சோம்பினால் பி-யைச் சிறிதாக்கலாம். இரண்டு மூன்று டிகிரி ஆட்டத்தைத் துரத்தி ஓடாதீர்கள். இறைச்சிக்கு அது தெரியாது. கதவை அடிக்கடி திறப்பதுதான் எல்லா எண்களையும் தோற்கடிக்கும். திறந்திருக்கும் நேரமெல்லாம் ஐ குறையைச் சேர்த்து வைத்துக்கொள்ளும். மூடியதும் அத்தனையையும் சூடாகத் திருப்பித் தரும்.

ஏஎல்1 அலாரம். சில மாடல்களில் இது நேரடி டிகிரி. சிலவற்றில் இலக்குக்கு மேல் இத்தனை டிகிரி. ஒரு பஸ்ஸரை அதில் இணைத்து, இலக்குக்கு 15 டிகிரி மேலே அடிக்கும்படி வையுங்கள். பைமெட்டல் சுவிட்சுக்கு இது மாற்று ஆகாது. எல்லாம் முடிந்ததும் எல்சிகே-யைப் பூட்டுங்கள்.

புகை ஏன் நின்றுபோகிறது

கண்ட்ரோலர் போட்ட பிறகு புகையே வரவில்லை என்பது புகைப்பெட்டி வைத்திருப்பவர்கள் எல்லாருக்கும் வரும் குறை. கண்ட்ரோலர் நன்றாக வேலை செய்வதுதான் காரணம். மரச்சீவல் புகைய வேண்டுமானால் அது 250, 300 டிகிரியை எட்ட வேண்டும். சீவல் தட்டு எலிமென்டின் மேல் உட்கார்ந்திருக்கிறது. பெட்டி குளிர்ந்திருக்கும் முதல் ஒரு மணி நேரம் எலிமென்ட் முழு மூச்சில் எரியும், புகை கொட்டும். 110 வந்து நிலைத்ததும் எலிமென்டுக்கு வேலை கொஞ்சம்தான்; சீவல் வெறுமே காய்ந்து கிடக்கும்.

இதற்காகக் கண்ட்ரோலரின் எண்களைக் கெடுத்து, சூட்டை ஊசலாட விடுகிறவர்கள் உண்டு. அது தப்பு. சூட்டையும் புகையையும் இரண்டாகப் பிரித்துவிடுவதே வழி. கனடாவின் பிராட்லி புகைப்பெட்டியில் மரத்தைப் பொசுக்க 125 வாட் எலிமென்ட் தனியாகவும், பெட்டியைச் சூடாக்க 500 வாட் எலிமென்ட் தனியாகவும் இருக்கின்றன. நீங்களும் சீவல் தட்டுக்கு அடியில் சின்ன எலிமென்ட் ஒன்றைக் கண்ட்ரோலருக்கு வெளியே நேரடியாக இணைக்கலாம். அப்படிச் செய்தால் ஒரு சோதனை கட்டாயம். பெரிய எலிமென்டை அணைத்துவிட்டு, சின்னதை மட்டும் இரண்டு மணி நேரம் ஓடவிட்டு, பெட்டி எங்கே போய் நிற்கிறது என்று பாருங்கள். அது 80-ல் நின்றால் நல்லது. 110-ஐத் தாண்டினால் கண்ட்ரோலர் கைகட்டி நிற்க வேண்டியதுதான். இன்னும் சிறிய எலிமென்ட் வேண்டும். மின்சாரமே வேண்டாம் என்றால், ஓட்டை போட்ட எஃகுக் குழாயில் மரத்துகள் குச்சிகளை நிரப்பி ஒரு முனையில் பற்றவைத்து உள்ளே வைக்கலாம். அது தானே கனன்று மணிக்கணக்கில் புகையும்.

மரம் பற்றி ஒரு வார்த்தை. கொய்யா, மா இரண்டும் மென்மையான புகை தரும். டெக்சஸ்காரர்கள் கொண்டாடும் மெஸ்கீட் மரத்தின் நெருங்கிய உறவு நம் ஊர் சீமைக்கருவேலம். அதன் புகை காட்டமானது. மீனுக்கும் கோழிக்கும் கையளவு போதும். பெயின்ட் அடித்த பலகை, பிளைவுட், பிசின் வடியும் மரம் எதுவும் கூடாது. வெள்ளையாகத் திரண்டு வரும் புகை கசக்கும். கண்ணுக்கு அரிதாகத் தெரியும் மெல்லிய நீலப் புகையே வேண்டும். மேலே உள்ள காற்றுத் துவாரத்தை மூடாதீர்கள். கார்பன் மோனாக்சைடு உண்டாகும் வேலை இது. மழை படாத, ஆனால் திறந்த இடத்தில் மட்டுமே செய்யுங்கள்.

உணவுக்குள் என்ன சூடு

கண்ட்ரோலர் காட்டுவது பெட்டியின் காற்று. உணவு வெந்ததா என்பதை அது அறியாது. கோழியின் நடுப்பகுதி 74 டிகிரி தொட வேண்டும், கொத்துக்கறி 71. முழுத் துண்டாக உள்ள ஆடு, மாடு, பன்றி 63 வந்து மூன்று நிமிடம் நிற்க வேண்டும். சூடான புகையில் வேகும் மீனின் உட்பகுதி 63 டிகிரியில் 30 நிமிடம் இருக்க வேண்டும் என்பது அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் அளவு. புகையூட்டிய மீனை வாக்குவம் பையில் அடைத்து வெளியே வைப்பது ஆபத்து; காற்றில்லாத இடத்தில் பொட்டுலினம் நச்சு உண்டாகும். ஃபிரிட்ஜில் வைத்துச் சில நாள்களுக்குள் தீர்த்துவிடுங்கள்.

பெரிய துண்டு இறைச்சியில் 65, 70 டிகிரி வந்ததும் சூடு ஏறாமல் மணிக்கணக்கில் நிற்கும். கண்ட்ரோலர் கெட்டுவிட்டது என்று எண்ணி இலக்கை உயர்த்தாதீர்கள். மேல்பரப்பு ஈரம் ஆவியாகிக் குளிர்விப்பதால் வரும் தேக்கம் இது. ஈரம் குறைந்ததும் தானே ஏறும். அவசரமென்றால் அலுமினியத் தாளில் சுற்றிவிடுங்கள்.

கரண்ட் போய் வந்தால் ரெக்ஸ் பழைய இலக்கை மறக்காமல் வைத்திருந்து உடனே சூடாக்கத் தொடங்கும். காலையில் பார்க்கும்போது திரையில் 110 இருக்கும். இரவில் இரண்டரை மணி நேரம் அணைந்து கிடந்ததை அது சொல்லாது. கரண்ட் எப்போது போனது, எப்போது வந்தது என்று தெரியாவிட்டால் அந்த இறைச்சியைப் பரிமாறாதீர்கள். உணவு 5-க்கும் 60-க்கும் இடைப்பட்ட சூட்டில் மொத்தம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. உணவுக்குள் குத்தி வைக்கும், பேட்டரியில் ஓடும் தனித் தெர்மாமீட்டர் ஒன்றை வாங்கிவிட்டு முதல் சமையலைத் தொடங்குங்கள்.